வாஷர் வாங்குவது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், "சமூக நலனுக்கான புத்தாக்கம், நீடித்த வளர்ச்சி என்று கொள்கைகளில் பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள், வாஷர் வாங்கப் பணம் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அடிகுழாயின் உள்ளே இருக்கும் சின்ன வளையம்தான் அந்த வாஷர். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சிலர் திட்டியும் எழுதியிருக்கிறார்கள். கிராமக் குடிநீர்த் திட்டங்களில் பொறியாளராகக் காலம் தள்ளியவளுக்குத் திட்டு புதிதல்ல. தண்ணீர் வராத ஊரில் முதலில் அகப்படுகிறவர் பொறியாளர்தான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அம்மா. 1958, 1983, 2003, 2013 என்று நாட்டின் அறிவியல் கொள்கைகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றிலும் மக்கள் நலன் இருக்கிறது. எதை வைத்துப் பிரித்து அறிவது?
– ச. வி., திருநெல்வேலி

மக்கள் நலன் எல்லாவற்றிலும் இருக்கும், தங்கையே. அதை நம்பிப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த நலன் எந்த வழியாக வரும் என்று ஒவ்வொன்றும் நினைத்தது என்பதைப் பார்.

1958 தீர்மானம் நேரு காலத்தது. சில பக்கங்களில் முடிந்துவிடும். விஞ்ஞானிகளை உருவாக்கு, ஆய்வுக்கூடம் கட்டு, அறிவு வளர்ந்தால் வாழ்வும் வளரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. பஞ்சமும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இருந்த காலத்தில் அப்படி நம்பியதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

1983-ஆம் ஆண்டு திருப்பதியில் நடந்த அறிவியல் மாநாட்டில் இந்திரா காந்தி அறிவித்தது தொழில்நுட்பக் கொள்கை அறிக்கை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தற்சார்புதான் அதன் தலைப்புச் செய்தி என்று எல்லாக் கையேடுகளும் எழுதும். உள்ளே போய்ப் பார். பெண்களுக்கும் நலிந்த பிரிவினருக்கும் வேலை தருகிற தொழில்நுட்பம் வேண்டும், பரம்பரைத் தொழில்திறனை விட்டுவிடக் கூடாது, எரிசக்தியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும், சுற்றுச்சூழல் கெடக் கூடாது, கழிவை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'நீடித்த வளர்ச்சி' என்ற சொற்றொடரை உலகம் முழுக்கப் பரப்பிய ஐ.நா. குழுவின் புருண்ட்லாண்ட் அறிக்கை வந்தது 1987-இல். நாம் நான்கு ஆண்டு முந்திக்கொண்டோம். முந்தி என்ன பயன் என்பது அடுத்த கேள்வி.

2003 கொள்கை, பத்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவுக்குள் அறிவியல், தொழில்நுட்பச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 விழுக்காட்டுக்கு உயர்த்துவோம் என்றது. அதாவது 2007-க்குள். 2013-இல் கல்கத்தா அறிவியல் மாநாட்டில் வெளியான கொள்கையில்தான் 'புத்தாக்கம்' தலைப்பிலேயே ஏறியது. வேகமான, நீடித்த, அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்ற மூன்றும் அதில் சேர்ந்தே நடக்கும். சின்ன யோசனைக்குச் சின்னப் பணம் என்றொரு நல்ல ஏற்பாட்டையும் அது பேசியது. கூடவே, அதே 2 விழுக்காடும் மறுபடி வந்தது. 2020–21-இல் நாம் உண்மையில் செலவிட்டது 0.64 விழுக்காடு. அதற்கடுத்து ஐந்தாவது கொள்கை என்று ஒரு வரைவு 2020 கடைசியில் பொதுமக்கள் கருத்துக்கு வந்தது. அடித்தட்டுப் புத்தாக்கம், மரபறிவு, பாலினச் சமத்துவம், மாற்றுத்திறனாளிகள் என்று யாரையும் விட்டுவைக்காத வரைவு அது.

எந்தக் கொள்கை வாக்கியத்தைப் படித்தாலும் அதில் ரூபாய் இருக்கிறதா, மாதம் இருக்கிறதா, பொறுப்பான துறையின் பெயர் இருக்கிறதா என்று தேடு. மூன்றும் இல்லாவிட்டால் அது வாழ்த்துச் செய்தி. தேர்வில் இதை எழுதிவிடாதே, மதிப்பெண் போய்விடும்.

நம் நாட்டின் மிகச் சிறந்த சமூகப் புத்தாக்கம் எது? ஆதார், யு.பி.ஐ. என்று சொல்லாமல் பதில் சொல்லவும்.
– கே. எம்., ஈரோடு

சொல்லவே மாட்டேன். என் பதில் அடிகுழாய். ஊருக்கு ஊர் நிற்கிறதே, நீண்ட கைப்பிடியுள்ள அந்த அடிகுழாய்தான். அதற்கு இந்தியா மார்க் 2 என்று பெயர்.

1960-களின் கடும் வறட்சியில் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டத் தொடங்கினார்கள். துளையிடும் இயந்திரங்களுக்கு யுனிசெஃப் உதவியது. துளை போட்டாயிற்று, மேலே வைத்த குழாய்? ஒரு குடும்பம் வீட்டு முற்றத்தில் பயன்படுத்துவதற்காக அமைந்த வார்ப்பிரும்பு பம்பு அது. அதை ஊர் முழுவதும் விடியலிலிருந்து இரவு வரை அடித்தால் என்ன ஆகும்? முளை தேயும், கைப்பிடி ஆடும், உடையும். 1970-களின் நடுவில் வைத்தவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும்தான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

நல்ல வேளையாக மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர், ஜால்னா பக்கத்து மிஷன் பணிமனைகளில் எஃகினால் ஆன உறுதியான பம்புகளை ஏற்கெனவே செய்துபார்த்திருந்தார்கள். கைப்பிடியின் முனையில் பிறைவடிவத் தகடு, அதில் படிந்து ஓடும் செயின், செயினில் தொங்கும் கம்பி. கைப்பிடி எப்படி ஆடினாலும் கம்பி நேர்க்கோட்டில்தான் ஏறி இறங்கும். ஆகவே தேய்மானம் குறைவு. அந்த அமைப்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, யுனிசெஃப், சென்னையில் இருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம், பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் எல்லோரும் சேர்ந்து புதிய பம்பை வடிவமைத்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழமான துளைகளில் வைத்துச் சோதித்தார்கள். ஆழம் அதிகமாக இருந்தால்தான் பம்பின் யோக்கியதை தெரியும். 1979-இல் ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தரநிர்ணயம் வந்தது.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்கச் சொல்வேன். காப்புரிமை இல்லை; வரைபடம் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆனால் எப்படி வேண்டுமானாலும் தயாரிக்க முடியாது, தர ஆய்வு உண்டு. அதனால் ஒரு கம்பெனியின் செயின் இன்னொரு கம்பெனியின் பம்பில் பொருந்தும். மூன்றாவது, பராமரிப்புக்கு மூன்று அடுக்கு ஏற்பாடு. ஊரில் பம்பைக் கவனித்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் தொடங்கியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்த பம்பு பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது.

குறையும் சொல்லிவிடுகிறேன். மார்க் 2-வில் வாஷர் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? வாஷர் இருப்பது தரைக்கடியில் 25, 30 மீட்டர் ஆழத்தில், பித்தளை உறையுள்ள சிலிண்டருக்குள். அதை எடுக்கத் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டும். குழாயைத் தூக்க மூன்று கால் கொண்ட உயரச் சட்டமான முக்காலியை நிறுத்த வேண்டும். மூன்று மூன்று மீட்டராக இரும்புக் குழாயை மேலே இழுத்து, கவ்வியில் பிடித்து, மரையைத் திருகிக் கழற்றிப் பக்கத்தில் அடுக்க வேண்டும். உள்ளே ஓடும் கம்பியையும் அதேபோலத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். துரு ஏறிய மரை அசையாது. நான்கு ஆட்கள் பைப் ரெஞ்சைப் பிடித்துத் தொங்குவார்கள். சுற்றிலும் குடங்களோடு பெண்கள். எல்லாம் முடிந்து சிலிண்டர் வெளியே வந்ததும், அதிலிருந்து எடுக்கிற வாஷர் உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்காகத்தான் லாரி, முக்காலி, மாவட்டக் குழு எல்லாம்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் மார்க் 3 வந்தது. குழாயின் உள்விட்டத்தை 65 மில்லிமீட்டராக அகலமாக்கினார்கள். அவ்வளவுதான் முக்கிய மாற்றம். குழாயை வெளியே எடுக்காமலேயே வாஷர் மாட்டிய பிஸ்டனையும் அடிவால்வையும் உள்வழியாக இழுத்துவிடலாம். ஊர்க்காரர்களே வாஷர் மாற்றலாம். ஆனால் அகலக் குழாய்க்கு விலை அதிகம். கொள்முதலில் வாங்கும் விலையைத்தான் பார்ப்பார்கள், பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவைப் பார்க்க மாட்டார்கள். மார்க் 2-வே எங்கும் நின்றுகொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம் என்பேன்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் இறைப்பது பெண்கள், மெக்கானிக் ஆண். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990-களில் கிராமப் பெண்களுக்கு அடிகுழாய் மெக்கானிக் பயிற்சி கொடுத்தார்கள். ரெஞ்சு பிடித்த அந்தப் பெண்களைத்தான் நான் புத்தாக்கம் என்பேன். பம்பு அதற்கு அடுத்தது.

அடிகுழாயை ஆகா ஓகோ என்று புகழ்கிறீர்கள். ஆழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு வந்து எங்கள் மாவட்டத்தில் பல்லும் எலும்பும் போனது உங்கள் நினைவில் இல்லையா?
– ப. த., பென்னாகரம்

நன்றாக நினைவிருக்கிறது, ஐயா. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் கொண்டுவந்த திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. பாறைக்கு அடியில் நெடுங்காலம் தேங்கிய நீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கும். திறந்த கிணற்றுத் தண்ணீரில் கிருமிகள் இருக்கும் என்று மக்களை ஆழ்துளைக்கு மாற்றினோம். வயிற்றுப்போக்கு குறைந்த ஊர்களும் உண்டு, பல் கறை படிந்த ஊர்களும் உண்டு. பம்பு நீடித்தது. நிலத்தடி நீர்மட்டம் நீடிக்கவில்லை. பக்கத்து வயலில் நீர்மூழ்கி மோட்டார் ஓடினால் அடிகுழாய் காற்றைத்தான் கக்கும்.

கொள்கை எழுதுகிறவர்கள் 'சமூக' என்பதையும் 'நீடித்த' என்பதையும் இரட்டைப் பிள்ளைகள் போலச் சேர்த்தே எழுதுகிறார்கள். களத்தில் இரண்டும் பல நேரம் சண்டை போடும். உங்கள் மாவட்டம் அதற்குச் சாட்சி.

1980-களில் அரசாங்கம் கட்டித் தந்த புகையில்லா அடுப்பை என் அம்மா இடித்துவிட்டார். அப்பா, "முன்னேற்றம் பிடிக்காதவள்" என்று திட்டினார். இன்று வரை வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்போம். யார் செய்தது சரி?
– ஜெ. ஆர்., உசிலம்பட்டி

உங்கள் அம்மா. இனிமேல் சிரிக்காதீர்கள்.

தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983-இல் தொடங்கியது. 2002-இல் மத்திய அரசு கைவிடும்வரை நடந்தது. கணக்கில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள். விறகு மிச்சம், காடு மிச்சம், பெண்களின் நுரையீரல் மிச்சம் என்று நோக்கம் எல்லாம் தங்கம். மாவட்டத்துக்கு இலக்கு வந்தது. கட்டிய அடுப்புக்குப் பணம் வந்தது, எரிகிற அடுப்புக்கு வரவில்லை. ஆகவே கட்டினார்கள். பொங்கலுக்குப் பெரிய பானை வைத்தால் வாயில் உட்காராது. புகைபோக்கியில் கரி அடைத்தால் கூரை ஏறித் துடைக்க வேண்டும், யார் ஏறுவது? மண் வெடித்தால் பூசிவிடலாம், ஆனால் உள்ளே காற்றுப் போகும் வழியின் அளவு மாறிவிட்டால் பழைய அடுப்பைவிட அதிகம் புகையும். சமையல் தெரிந்தவள் இடிக்காமல் என்ன செய்வாள்?

வடிவமைப்பாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அ. கு. நா. ரெட்டி 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு கிராமத்தில் உட்கார்ந்து அளந்து நல்ல அடுப்பு செய்தது. சீனாவும் அதே 1980-களில் அடுப்புத் திட்டம் நடத்தி 10 கோடிக்கு மேல் பரப்பியது. அங்கே அடுப்பின் செலவில் பெரும்பங்கைக் குடும்பமே கொடுத்தது. அரசுப் பணம் பயிற்சிக்கும், உதிரிப் பாகம் செய்கிறவர்களுக்கும் போனது. காசு கொடுத்து வாங்கியவள் சரியில்லை என்றால் கேட்பாள். சும்மா வந்தது என்றால் இடிப்பாள்.

2016-இல் உஜ்வலா வந்து எரிவாயு இணைப்பு கொடுத்தது. அதைப் பெரிய வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். இணைப்பு எண்ணிக்கை நாளிதழில் வரும். இரண்டாவது சிலிண்டர் வாங்கினார்களா என்று கேட்டால் பேச்சு மாறும்.

எதிலும் குறை காண்பதே உங்கள் வழக்கம். அரசு நல்லது செய்தால் பாராட்டவே மாட்டீர்களா?
– பெயர் எழுதாத வாசகர், சென்னை

மேலே ஒரு அடிகுழாயை ஒரு பக்கத்துக்குப் பாராட்டியிருக்கிறேன். அதுவும் அரசு சேர்ந்து செய்ததுதான்.

என் அப்பா எட்டாம் வகுப்பு படித்தவர். நிலக்கடலைச் செடியிலிருந்து காய் பிரிக்க ஒரு கருவி செய்திருக்கிறார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். காப்புரிமை வாங்கலாமா? விருதுக்கு அனுப்பலாமா? அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, ஊருக்குப் பயன்பட்டால் போதும் என்கிறார்.
– மா. செ., விழுப்புரம்

முதலில் ஒன்று. இனிமேல் யாருக்கும் படம் எடுக்கக் கொடுக்காதீர்கள், வலைத்தளத்திலும் போடாதீர்கள். வெளியே தெரிந்துவிட்ட பொருளுக்குப் புதுமை போய்விட்டது என்று காப்புரிமை அலுவலகம் மறுக்க இடமுண்டு. பாதுகாப்பு வேண்டும் என்றால் தற்காலிக விண்ணப்பம் ஒன்று போட்டுவிடலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அதன் பிறகு முழு விண்ணப்பம் தாக்கல் செய்ய 12 மாதம் அவகாசம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அப்பாவின் மனம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். கிடைத்த காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு இருக்கும். அதை மீறுகிறவன் மேல் வழக்குப் போட உங்களுக்கு வக்கீல் பணம் இருக்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

விருதுக்கு அனுப்ப தேசியப் புத்தாக்க அறக்கட்டளை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு குஜராத்தில் தொடங்கியது. கிராமத்து அறிவைத் தேடித் தொகுக்கும் பேராசிரியர் அனில் குப்தாவின் தேனீ வலையமைப்பிலிருந்து பிறந்தது. பள்ளிக்கூடம் முடிக்காத மெக்கானிக், மூலிகை தெரிந்த மாட்டு வைத்தியர், விதை தேர்ந்தெடுக்கும் விவசாயி என்று பட்டியலிட்டு, அவரவர் பெயரிலேயே பதிவு செய்வது அதன் வழக்கம். இதுதான் எனக்குப் பிடித்த அம்சம். 'கிராமத்தில் கண்டெடுத்தது' என்று பெயரில்லாமல் எழுதுகிற ஆய்வாளர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தமிழில் இதன் வாசல் மதுரையில் இருக்கிறது. 'சேவா' என்ற தொண்டு நிறுவனம் 'நம்வழி வேளாண்மை' என்ற இதழை நடத்துகிறது. அந்த வலையமைப்பு நடத்தும் தேனீ இதழின் தமிழ் உடன்பிறப்பு அது.

ஆனால் விருது வந்தால் சந்தை வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்தைத் தெரியாதவர்கள் இல்லை. மலிவு விலையில் நாப்கின் செய்யும் சிறு இயந்திரம், பெண்கள் குழுக்களே நடத்தும் உற்பத்தி. இதே அறக்கட்டளையின் விருதும், 2016-இல் பத்மஸ்ரீயும். நாடு அவரைக் கொண்டாடியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே நாடு நாப்கினுக்கு 12 விழுக்காடு வரி போட்டது. போராட்டம், கடிதம், கூச்சல் எல்லாம் நடந்து 2018 ஜூலையில் வரியை நீக்கினார்கள். எல்லோரும் இனிப்பு சாப்பிட்டோம். வரிவிலக்கு வந்ததும் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வழி அடைபட்டது என்பது பிறகுதான் பலருக்கு உறைத்தது. மரக்கூழும் பசையும் பிளாஸ்டிக் தாளும் வரி கட்டி வாங்குகிற சின்ன உற்பத்தியாளருக்கு அந்தச் சுமை தலையிலேயே நின்றது.

புத்தாக்கக் கொள்கையை எழுதுவது ஒரு துறை. வரியைப் போடுவது இன்னொரு துறை. டெண்டரில் இத்தனை கோடி விற்றுமுதல் வேண்டும், இத்தனை ஆண்டு முன் அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை வைப்பது மூன்றாவது துறை. புத்தொழில் நிறுவனங்களுக்கு 2016 முதல் அந்த நிபந்தனையில் தளர்வு உண்டு என்பது உண்மை. அதைப் பெற முதலில் புத்தொழில் என்று பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் அப்பா பதிவு செய்வாரா?

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி இதை முடிக்கிறேன். ஊர்க் கொல்லரிடம் அளவு கொடுத்து பத்துக் கருவி செய்யச் சொல்லுங்கள். செய்கிறவனுக்கும் கூலி, அப்பாவுக்கும் பெயர்.

எங்கள் பள்ளியில், மாணவர்கள் கருவி செய்து பழக ஒன்றிய அரசு மானியத்தில் அமைத்த அடல் ஆய்வகம் இருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம் பூட்டிய அறையில் உறை போர்த்தி நிற்கிறது. பழுதானால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் பயப்படுகிறார். என்ன செய்வது?
– பட்டதாரி ஆசிரியை, அரியலூர்

பழுது பார்ப்பதும் பாடம்தான் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு ஆய்வகத்துக்கு 20 லட்சம் வரை மானியம். அதில் பாதி அமைக்க, மீதி சில ஆண்டுகள் நடத்த. நடத்தக் கொடுத்த பணம் பழுதுக்கும் சேர்த்துத்தான். நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. 2025 நிதிநிலை அறிக்கையில் இன்னும் 50,000 என்றார்கள். எண்ணிக்கை ஏறுகிறபோது எனக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிடுகிறது, மன்னியுங்கள்.

ஒரு நல்ல செய்தி. 2024 நவம்பரில் இந்தத் திட்டத்தை நீட்டித்தபோது, ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக 22 அட்டவணை மொழிகளிலும் புத்தாக்கப் பயிற்சி என்று சேர்த்திருக்கிறார்கள். தமிழில் கையேடு வேண்டும் என்று இப்போதே கேட்டுக் கடிதம் போட்டுவிடுங்கள். முதல் செய்முறையாக அச்சு இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். பள்ளியில் ஒழுகுகிற குழாயைக் கழற்றச் சொல்லுங்கள்.

வெளிநாடுகளில் மட்டும் கொள்கை ஒழுங்காக நடக்கிறதா?
– அ. ஹ., காயல்பட்டினம்

ஒழுங்காக நடக்கிறது என்று யார் சொன்னது? ஐரோப்பிய ஒன்றியம் புற்றுநோய், கடல், மண், தட்பவெப்ப மாற்றம், நகரங்கள் என ஐந்து பெரும்பணிகளைக் குறித்துக்கொண்டு ஆராய்ச்சிப் பணத்தை அவற்றை நோக்கித் திருப்புகிறது. 2030-க்குள் நூறு நகரங்கள் கரிச் சமநிலை அடைய வேண்டும் என்பது அதில் ஒன்று. பார்ப்போம்.

பிரேசிலைச் சொல்கிறேன். அதன் வடகிழக்கு வறண்ட நிலம். நம் ராமநாதபுரத்துக்காரர் போனால் ஊருக்கு வந்தது போல இருக்கும். அங்கே கூரை மழைநீரைச் சேமிக்க வளைந்த சிமெண்ட் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் ஒரு தொட்டி, 16,000 லிட்டர். நகரத்தில் நீச்சல்குளம் கட்டும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு கொத்தனாரின் யோசனை அது. ஊர் அமைப்புகள் ஒன்று சேர்ந்து, பத்து லட்சம் தொட்டிகள் என்ற இலக்கோடு 2003 முதல் கட்டத் தொடங்கின. குடும்பத்தினர் குழி வெட்டுவார்கள், பயிற்சி பெற்ற உள்ளூர்க் கொத்தனார் கட்டுவார். பணம் அரசுடையது. பத்து லட்சத்தைத் தாண்டியும் விட்டார்கள்.

இடையில் 2011-இல் அரசுக்கு அவசரம் வந்தது. தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக் தொட்டிகளை மொத்தமாக வாங்கி லாரியில் இறக்கினார்கள். சீக்கிரம் முடியும் என்றார்கள். வெயிலில் சில தொட்டிகள் நெளிந்தன. விவசாயிகள் தெருவில் இறங்கிவிட்டார்கள்: எங்கள் ஊர்க் கொத்தனாருக்குப் போன கூலி இப்போது எங்கே போகிறது என்று. 2013-இல் வந்த சட்டம் இந்தத் தொட்டித் திட்டத்தைச் 'சமூகத் தொழில்நுட்பம்' என்ற பெயரிலேயே ஏற்று, ஊர் அமைப்புகளை வழக்கமான டெண்டர் இல்லாமல் பணியில் அமர்த்த வழி செய்தது. கொத்தனாரின் யோசனை சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் துணிச்சலான வேலைதான். கட்டிய குழியை ஆண்டுதோறும் தூர் வாருவது யார் என்று மட்டும் சொல்லாமல் விட்டோம்.

ஆராய்ச்சிக்கு ஒன்றிய அரசு 1 லட்சம் கோடி அறிவித்திருக்கிறதே. இதில் கிராமத்துக்கு எவ்வளவு?
– து. ர., நாமக்கல்

2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டத்தைச் சொல்கிறீர்கள். அது தனியார் துறைக்கு நீண்டகாலக் கடனும் முதலீடும். ஆய்வுக்கூட நிலையைத் தாண்டிய தொழில்நுட்பங்களுக்கு. தேவையான திட்டம்தான். கடனைத் திருப்பிக் கட்டக்கூடிய கண்டுபிடிப்புகளுக்குத்தான் அது போகும். அடிகுழாய் யாருக்கும் வட்டி கட்டியதில்லை.

எங்கள் மகளிர் குழு வாழைநாரில் பை, கூடை, பாய் செய்கிறது. நார் பிரிக்கும் இயந்திரம் வாங்கக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம் என்கிறார்கள். உண்மையில் கிடைக்குமா?
– குழுத் தலைவி, குளித்தலை

கிடைக்கும் அம்மா, ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி உள்ள கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்தவை பள்ளிக் கட்டடமும் மருத்துவ முகாமும். படம் நன்றாக வரும். தொழில்முனைவு வளர்க்கும் மையங்களுக்கும், நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கான ஆய்வு செய்யும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

நீங்கள் நேராகக் கம்பெனிக்குப் போனால், பதிவு எண் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இந்த நிதியைப் பெற்றுச் செலவிடும் அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மகளிர் குழுவுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. ஆகவே பதிவு உள்ள தொண்டு நிறுவனம் ஒன்றையோ, திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நார் பிரிக்கும் இயந்திரம் அவர்களுக்குப் புதிதல்ல.

விண்ணப்பத்தில் இயந்திர விலையை மட்டும் எழுதாதீர்கள். பிளேடு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மோட்டார் எரிந்தால் சுருள் சுற்ற எவ்வளவு, மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எவ்வளவு என்று தனி வரி போடுங்கள். அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பார்ப்பார். அடிக்க விடாதீர்கள். அடித்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அந்தக் கடிதத்தை அப்படியே போடுகிறேன்.